சோபாவோடு வந்த மேனேஜர்

சோபாக்காரர் வளர்த்த நாய் ஆஸ்பத்திரியில் உயிரை விட்டதும், மனுஷன் வாய்விட்டுச் சிரித்து, டாக்டரைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தார் என்று தெரு முழுக்கப் பேச்சு. இஸ்திரி போடுகிற அம்மா சொல்லும்போது சிரித்ததோடு நிற்கும். மருந்துக்கடையில் கேட்டால் கைதட்டினார் என்பதும் சேரும். டீக்கடை பெஞ்சுக்கு அந்தச் சேதி போய்ச் சேர்ந்தபோது அவர் ஒரு ஆட்டமும் ஆடி முடித்திருந்தார். முட்டிவலிக்குப் பயந்து மாடிப்படி ஏறாத ஆள் எப்படி ஆடியிருப்பார் என்று பெஞ்சில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. நல்ல கதை நடுவில் யார் முட்டியைப் பற்றிக் கேட்பார்கள்?

அந்தப் பேச்சு முழுப் பொய்யும் இல்லை. சிரித்தது உண்டு, கட்டிப்பிடித்தது உண்டு, நாய் செத்ததும் உண்டு. எது முன்னால், எது பின்னால் என்பதைத்தான் மாற்றிவிட்டார்கள். அதை மாற்றினால் போதும், எப்பேர்ப்பட்ட மனுஷனும் கல்நெஞ்சக்காரன் ஆகிவிடுவான். நடந்தது நடந்தபடி இதுதான்.

சோபாக்காரரின் கடை முன்பு கார் நிறுத்தும் கொட்டகையாக இருந்த இடம். ஷட்டரைத் தூக்கினால் முதலில் பசை வாசனை வரும். பிறகு கால் ஒடிந்த நாற்காலிகள், வயிறு கிழிந்த சோபாக்கள், மூலையில் ஆள் உயரத்துக்குப் பஞ்சு. ஒரு பக்கம் அவர் ஆணி அடிப்பார். இன்னொரு பக்கம் அவர் மனைவி மெஷினில் உட்கார்ந்து உறை தைப்பார். தைப்பதும் அந்த அம்மாதான், வருகிறவர்களிடம் பேசுவதும் அந்த அம்மாதான். ஏனென்றால் சோபாக்காரரால் பேச முடியாது. ஊமை இல்லை, வாய் நிறைய ஆணி.

அதுதான் அவர் வேலை செய்கிற விதம். குட்டி ஆணியை ஒரு கை அள்ளி வாயில் போட்டுக்கொள்வார். நாக்கால் ஒவ்வொன்றாகப் புரட்டி, கொண்டை வெளியே தெரிகிற மாதிரி உதட்டுக்குத் தள்ளுவார். காந்தம் வைத்த சுத்தியலை உதட்டருகே கொண்டுபோனால் ஆணி டக்கென்று அதில் ஒட்டிக்கொள்ளும். ஒரு கை துணியை இழுத்துப் பிடித்திருக்கும், மறு கை அடிக்கும். வாய் அவருக்கு மூன்றாவது கை. இந்தக் காலத்தில் எல்லாரும் காற்றழுத்தத் துப்பாக்கியால் ஸ்டேப்ளர் பின் அடித்துத் தள்ளுகிறார்கள். அவருக்கு அது ஒத்துவரவில்லை. "துப்பாக்கிய நீட்டி வேலை செய்யறதுக்கு நான் என்ன பேங்கு கொள்ளையடிக்கவா போறேன்?" என்பார், வாய் காலியாக இருந்தால்.

வாயில் ஆணி இருக்கும்போது அவரால் சொல்ல முடிந்தது ஒரே ஒரு "ம்". சரி, முடியாது, வைத்துவிட்டுப் போங்கள், டீ கொண்டு வா எல்லாம் அதற்குள் அடக்கம். வீட்டுச் சண்டை பாதிக்கு மேல் அந்த "ம்"மிலேயே முடிந்திருக்கிறது. சண்டை வரும்போலத் தெரிந்தால் மனுஷன் வேலை இல்லாவிட்டாலும் ஒரு கை ஆணியை அள்ளி வாயில் போட்டுக்கொள்வார். கெட்டிக்காரர்.

இப்படி இருந்த கடைக்கு ஒரு நாள் பச்சை சோபா ஒன்று வந்தது. மூன்று பேர் உட்காரலாம். வீட்டைக் காலி செய்துகொண்டிருந்த ஒருவர் வண்டியில் ஏற்றி அனுப்பியிருந்தார். மேலே போர்த்தியிருந்த தார்ப்பாயை இழுத்தால், நடு சீட்டில் ஒரு நாய் தூங்கிக்கொண்டிருக்கிறது. பழுப்பு நிறம், ஒரு காது மடங்கியிருந்தது. தார்ப்பாயை எடுத்ததற்காக ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டது.

சோபாக்காரர் போன் போட்டார். "சார், சோபா மேல ஒரு நாய் இருக்கு."

"ஆமாங்க. அது அங்கதான் இருக்கும்."

"எப்ப வந்து கூட்டிட்டுப் போறீங்க?"

"சோபா ரெடியானதும் சொல்லுங்க. ரெண்டையும் சேத்து எடுத்துக்கறேன்."

சோபா ரெடியானது. அந்த போன் நம்பர் ரெடியாக இல்லை. எத்தனை முறை போட்டாலும் அப்படி ஒரு நம்பரே இல்லை என்றது. ஆள் வீட்டை மட்டும் காலி செய்யவில்லை, நாயையும் சேர்த்துக் காலி செய்திருக்கிறார்.

"யாருக்காவது குடுத்துருவோங்க" என்றார் மனைவி.

"எத? சோபாவயா, நாயயா?"

"எது மொதல்ல எடத்த விட்டு எந்திரிக்குதோ அத."

இரண்டும் எழுந்திருக்கவில்லை. சோபா கடை வாசலிலேயே தங்கிவிட்டது, நாய் சோபா மேலேயே தங்கிவிட்டது. அதற்குப் பெயர் வைத்தது பக்கத்துக் கடை சலூன்காரர். முடி வெட்டுகிற நேரத்தைவிட இவர்கள் கடை வாசலில் நின்று பேசுகிற நேரம் அவருக்கு அதிகம். "காலைல வர்றாரு, சீட்டுல உக்காருறாரு, ஒரு துரும்பக்கூட அசைக்கறதில்ல, வேலை செய்யறவங்கள மொறச்சு மொறச்சுப் பாக்குறாரு. அண்ணே, இது நாயில்ல, உங்களுக்கு வந்த மேனேஜர்" என்றார். அன்றிலிருந்து மேனேஜர். தெருவில் எல்லாரும் மரியாதையாகவே கேட்பார்கள், "மேனேஜர் சாப்ட்டாரா?", "மேனேஜர் இன்னிக்கு லீவா?" என்று. மனைவிதான் சாப்பாடு வைப்பார். சாப்பிட்டு முடித்ததும் அது சோபாக்காரர் காலடியில் வந்து படுத்துக்கொள்ளும். "சோறு என்னது, விசுவாசம் உங்களுக்கு. மாமியார் வீட்டுப் பழக்கத்த எங்கதான் கத்துச்சோ" என்று அந்த அம்மா குறைப்பட்டுக்கொள்வார். அவர் "ம்" என்பார். அந்த "ம்"மில் கொஞ்சம் பெருமை இருக்கும்.

வயதாக வயதாக மேனேஜரால் சோபா மேல் தாவி ஏற முடியவில்லை. தரையிலும் படுக்காது, பழக்கம் அப்படி. அதனால் சோபாக்காரர் அதற்கென்று தாழ்வாக ஒரு படுக்கை செய்தார். முழுப் பலகை கைவசம் இல்லை. இரண்டு பழைய பிளைவுட் துண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, நடுவில் ஒரு மரப்பட்டி வைத்து, நெடுக ஆணி அடித்து ஒன்றாக்கினார். மேலே நல்ல பஞ்சு, அதற்கு மேலே பச்சை சோபாவில் மிஞ்சிய துணி. மேனேஜர் மூன்று சுற்றுச் சுற்றி மோந்து பார்த்துவிட்டு ஏறிப் படுத்தது. வேலை பாஸ்.

மனைவிக்கு மட்டும் ஒரு பயம் ஓயாமல் இருந்தது.

"ஏங்க, என்னிக்காவது ஒரு ஆணி உங்க தொண்டைக்குள்ள போகப்போகுது."

"ம்."

"இல்ல, உங்க வாய்லேருந்து கீழ விழுந்து அதோட வயித்துக்குள்ள போகப்போகுது. கீழ கெடக்கற எதையும் நக்காம விடாது அது."

"ம்ம்."

"ரெண்டு ம் போட்டா நான் வாய மூடிக்குவேன்னு நெனப்பா?"

ஒருநாள் மத்தியானம். சோபாக்காரர் வாய் நிறைய ஆணியோடு ஒரு நாற்காலிக்கு உறை போட்டுக்கொண்டிருக்கிறார். சலூன்காரர் வந்து வாசல் தூணில் சாய்ந்தார்.

"அண்ணே, கேட்டீங்களா? நேத்து ஒருத்தன் சேர்ல உக்காந்ததும் தூங்கிட்டான். நல்ல தூக்கம். முடிய வெட்டினேன், எந்திரிக்கல. டை அடிச்சேன், எந்திரிக்கல. சரி கெடக்கட்டும்னு மீசையையும் எடுத்துட்டேன். கடைசில தட்டி எழுப்புனா, கண்ணாடியப் பாத்துட்டு என்கிட்ட மெதுவா கேக்கறான், 'ஏங்க, இவருக்கு முன்னாடி நான் வந்தேன்ல?'னு."

சோபாக்காரருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. வாய் திறந்தது. ஆணியெல்லாம் மழையாகத் தரையில் கொட்டியது. மெஷின் சத்தம் நின்றது. மனைவி திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வைக்குப் பயந்து அவர் குனிந்து காந்தச் சுத்தியலால் தரையைத் துழாவினார். நாற்காலிக்கு அடியில், சோபாவுக்கு அடியில், மேனேஜர் படுக்கையைச் சுற்றி.

"எல்லாம் வந்துருச்சா?"

"வந்துருச்சு, வந்துருச்சு."

வந்ததா இல்லையா என்று அவருக்கு எப்படித் தெரியும்? வாயில் எத்தனை போட்டோம் என்று யார் எண்ணிப் போடுகிறார்கள்?

மறுநாள் காலையில் மேனேஜர் சரியாகத்தான் இருந்தது. பால்காரரைப் பார்த்துக் குரைத்தது. பத்து மணிவாக்கில் டீ வந்தபோது மட்டும் எழுந்து வரவில்லை. கூப்பிட்டதற்கு எழுந்தது, இரண்டு அடி வைத்தது, பின்னங்கால் மடங்கி அப்படியே உட்கார்ந்துவிட்டது. சோபாக்காரர் ஓடிப்போய் வாயைத் திறந்து பார்த்தார். ஈறெல்லாம் சுண்ணாம்பு பூசியது மாதிரி வெளுத்திருந்தது. வயிறு உப்பிக் கல்லாக இருந்தது.

நேற்று கொட்டியதில் விட்டுப்போன ஆணி. வேறு என்ன?

அவர் மனைவியைப் பார்த்தார். இந்நேரம் அந்த அம்மா ஆகாயத்துக்கும் பூமிக்கும் குதித்திருக்க வேண்டும். "சொன்னேனே, சொன்னேனே" என்று மானத்தை வாங்கியிருக்க வேண்டும். ஒரு வார்த்தை பேசவில்லை. முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. பேசாமல் வந்து படுக்கையின் ஒரு முனையைப் பிடித்தார். திட்டியிருந்தால்கூடத் தாங்கிக்கொண்டிருக்கலாம். இந்த மௌனம் அவரை அரத்தால் ராவியது.

சோபா ஏற்றுகிற குட்டி வேன் வாசலில்தான் நின்றது. ஆனால் அவர் ஷட்டர் சாவியை வேன் துவாரத்தில் திணித்துக்கொண்டிருந்தார். சலூன்காரர் வந்து சாவியைப் பிடுங்கினார். "நீங்க பின்னாடி ஏறுங்கண்ணே. அண்ணி, நீங்களும்." அவர் கடையில் ஒருத்தர் கழுத்தில் துணி கட்டிப் பாதி முடியோடு உட்கார்ந்திருந்தார். அவரிடம் இங்கிருந்தே கத்தினார், "அசையாம இருங்க, இதோ வந்துட்டேன்!"

படுக்கையோடு தூக்கி வேனில் வைத்தார்கள். மேனேஜர் நடுவில், அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் அந்த அம்மா. நாய் முனகவும் இல்லை. அவர் கையை எட்டி ஒருமுறை நக்கியது. அவர் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். வாய் காலியாகத்தான் இருந்தது, ஆனாலும் நாக்கு முழுக்க இரும்பு ருசி. சொல்லிவிடலாமா என்று இரண்டு மூன்று முறை வாயெடுத்தார். அந்த அம்மா அவர் பக்கம் திரும்பவே இல்லை. வேனின் தகரத்தையே பார்த்துக்கொண்டு வந்தார்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா உள்ளே ஒரு பூனையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். கதவிடுக்கில் எட்டிப் பார்த்துவிட்டு, "வயிறா? மொதல்ல ஒரு எக்ஸ்ரே எடுத்துருங்க, இதோ வர்றேன்" என்றார். எக்ஸ்ரே எடுப்பவர் முட்டி வரைக்கும் தொங்குகிற ஈய அங்கியை மாட்டிக்கொண்டு, தூக்கம் தெளியாத முகத்தோடு வந்தார்.

"நாய மட்டும் தூக்கி இங்க வைங்க."

தூக்கப் போனால் மேனேஜர் கதறியது. அதுவரை வாய் திறக்காத நாய். சோபாக்காரர் கையை எடுத்துவிட்டார்.

"சரி சரி, அப்படியே பலகையோட வைங்க. எடுத்துப் பாப்போம். பலகைல இரும்பு ஏதாவது இருக்கா?"

"இல்லீங்க. வெறும் பலகை, மேல பஞ்சு."

பொய் சொல்லவில்லை அவர். சட்டையில் என்னென்ன இருக்கிறது என்று தையல்காரரைக் கேட்டால் நூல் இருக்கிறது என்றா சொல்வார்? அது மாதிரி அவருக்கு ஆணி. இரும்பு என்றால் ஸ்பிரிங், கம்பி, கீல். ஆணி அவர் கணக்கில் இரும்பே இல்லை.

படம் திரையில் வந்தது. விலா எலும்புகள் சீப்பு மாதிரித் தெரிந்தன. முதுகெலும்பு ஒரு சங்கிலி மாதிரிப் போனது. அதற்குக் கீழே, வயிற்றுக்கு நட்டநடுவில், பளிச்சென்று வெள்ளையாகக் குட்டி ஆணிகள். கொண்டை தெரிகிறது, கூர் தெரிகிறது. அவர் வாயில் போடுகிற அதே ஆணி. ஒன்று இல்லை, இரண்டு இல்லை.

சோபாக்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"நான்தாம்மா" என்றார். "நேத்து சிரிச்சேன்ல. எல்லாம் எடுத்துட்டேன்னு உன்கிட்டச் சும்மா சொன்னேன். நான்தான் கொன்னுட்டேன். நீ எத்தன தடவ சொன்ன... பேசேம்மா, ரெண்டு திட்டாவது திட்டேன்."

அந்த அம்மா திரையைப் பார்த்தார், அவரைப் பார்த்தார்.

அப்போது டாக்டரம்மா உள்ளே வந்தார். கையில் பூனை கீறிய கோடு. திரைக்குக் கிட்டே போய்க் குனிந்து பார்த்தார். கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு இன்னொரு முறை பார்த்தார்.

"நானும் எத்தனையோ வருஷமா பாக்கறேன். நாய் ஆணி முழுங்கிப் பாத்துருக்கேன், சாவி முழுங்கிப் பாத்துருக்கேன். இப்படி எடவெளி விட்டு, கோடு போட்ட மாதிரி நேரா முழுங்கற நாய இன்னிக்குத்தான் பாக்கறேன்" என்றார். பிறகு திரும்பி, "எதுமேலங்க படுக்க வச்சுருக்கீங்க?"

சோபாக்காரர் பலகையைக் காட்டினார். டாக்டரம்மா நாய்க்கு வலி தெரியாமல் இருக்க ஒரு ஊசி போட்டார். அது அடங்கியதும் நாலு பேருமாக மெல்லத் தூக்கினார்கள். பலகையை உருவினார்கள். மறுபடி ஒரு படம். சீப்பு இருந்தது, சங்கிலி இருந்தது. ஆணி ஒன்றுகூட இல்லை.

டாக்டரம்மா பலகையைத் திருப்பி, நடுவில் ஓடிய பட்டியை விரலால் தடவினார். "யாரு அடிச்சது இது?"

"நான்தாங்க."

"நல்லா அடிச்சுருக்கீங்க."

அந்த நிமிஷம்தான் அது நடந்தது. சோபாக்காரர் சிரித்தார். தொண்டையில் சிக்கியிருந்த ஏதோ பிய்த்துக்கொண்டு வந்த மாதிரி, கண்ணில் தண்ணீர் தெறிக்கச் சிரித்தார். பக்கத்தில் நின்ற எக்ஸ்ரேக்காரரை இழுத்துக் கட்டிப்பிடித்துக் கன்னத்தில் முத்தம் கொடுத்தார். ஈய அங்கியோடு அந்த ஆளைக் கட்டிக்கொண்டது அரிசி மூட்டையைக் கட்டிக்கொண்டது மாதிரி இருந்தது. "சார், விடுங்க சார், ஏற்கெனவே இதத் தூக்க முடியல" என்று அவர் நெளிந்தார்.

வெளியே வேனை ஓரமாக நிறுத்திவிட்டு வந்த சலூன்காரர், கண்ணாடிக் கதவு வழியாக இதைப் பார்த்தார். சத்தம் கேட்கவில்லை, காட்சி மட்டும் தெரிந்தது. சோபாக்காரர் சிரிக்கிறார், டாக்டர் மாதிரி அங்கி போட்ட யாரையோ கட்டிப்பிடிக்கிறார். "அப்பாடா, பொழச்சுக்கிச்சு" என்று நினைத்துக்கொண்டு டீ குடிக்கப் போனார்.

உள்ளே டாக்டரம்மா சிரிக்கவில்லை. நாயின் வயிற்றில் பசை தடவி ஸ்கேன் கருவியை ஓட்டினார். நேரம் எடுத்துக்கொண்டார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு இருவருக்கும் எதிரே உட்கார்ந்தார்.

"ஆணி இல்ல. ஆனா உள்ள பூரா ரத்தம். மண்ணீரல்ல ஒரு கட்டி இருந்துருக்கு, இன்னிக்கு வெடிச்சுருச்சு. வயசான நாய்ங்களுக்கு வர்றதுதான்."

"ஆபரேஷன்?" என்றார் சோபாக்காரர். சிரிப்பின் ஈரம் முகத்தில் இன்னும் காயவில்லை.

"இந்த நெலமைல தாங்காதுங்க. மேசையிலயே போயிரும். இப்ப வலி இல்ல. கூட இருங்க, அது போதும்."

"முன்னாடியே நான் கவனிச்சுருந்தா?"

"நேத்து நானே தொட்டுப் பாத்துருந்தாலும் நல்லாருக்குன்னுதான் சொல்லி அனுப்பியிருப்பேன். வெளிய தெரியாது. நீங்க செஞ்சதால வந்ததும் இல்ல, செய்யாம விட்டதால வந்ததும் இல்ல."

அதுவரை கல்லாக நின்ற அந்த அம்மாவுக்கு அப்போதுதான் குரல் வந்தது.

"டாக்டரம்மா, சாக்லேட் பிஸ்கட் தின்னா இது வருமா?"

சோபாக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"எவ்வளவு குடுத்தீங்க?"

"ஒரு துண்டு." கொஞ்சம் நிறுத்தி, "ஒரு முழு பிஸ்கட்டு. குடுக்கக்கூடாதுன்னு நீங்க சொல்லியிருந்தீங்க. காலைல துணி வெட்டிட்டுருந்தேன். பால்காரரப் பாத்துக் கொலச்சுக்கிட்டே இருந்துச்சு. வாய மூடட்டும்னு போட்டேன்."

"வராதும்மா. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

அந்த அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்து முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு குலுங்கினார். அழுகைதான். ஆனால் வேனில் வந்தபோது இருந்த முகம் இல்லை இது.

"அதனாலதான் பேசாம வந்தியா?" என்றார் சோபாக்காரர். "நான் என்மேல கோவம்னு நெனச்சேனே."

"நான் உங்கள நெனைக்கவே இல்ல" என்றார் அந்த அம்மா, மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

பிறகு மேனேஜரை அதன் பலகையிலேயே படுக்க வைத்தார்கள். தலை அந்த அம்மா மடியில். சோபாக்காரர் அதன் மடங்கிய காதை விரலால் நிமிர்த்துவார், அது மறுபடி மடங்கும், மறுபடி நிமிர்த்துவார். மேனேஜர் ஒரு கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தது, அந்த அம்மாவைப் பார்த்தது. இரண்டு பேரும் வேலையை விட்டுவிட்டு இங்கே என்ன செய்கிறார்கள் என்று கேட்கிற மாதிரி இருந்தது. பிறகு தார்ப்பாயை விலக்கிய அந்த முதல் நாள் மாதிரியே கண்ணை மூடிக்கொண்டது. மூச்சு மெல்ல மெல்லச் சன்னமாகி நின்றது. சண்டை போடவில்லை, கதறவில்லை. டாக்டரம்மா வந்து தொட்டுப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

சலூன்காரர் டீ குடித்துவிட்டு வந்தால், மேனேஜரைத் துணி போர்த்தி வெளியே கொண்டுவருகிறார்கள். பாவம், அவருக்கு ஒன்றும் புரியவில்லை. கேட்கவும் தைரியம் வரவில்லை. வேனை ஓட்டிக்கொண்டே கண்ணாடியில் பின்னால் பார்த்தார்.

பின்னால் இருவரும் மேனேஜருக்கு அந்தப் பக்கம் ஒருத்தர், இந்தப் பக்கம் ஒருத்தராக உட்கார்ந்திருந்தார்கள். பிறகு அந்த அம்மா கேட்டார், "ஏங்க, உங்களுக்கு மனசு லேசா இருக்கா?"

"ம்."

"வாய்ல ஆணி இல்லியே. வாயத் தொறந்து சொல்லுங்க."

அவர் போர்த்தியிருந்த துணியைப் பார்த்தார். "இருக்கு. அழுகையும் வருது, நிம்மதியாவும் இருக்கு. இது தப்பா?"

"தப்புன்னா எனக்கும் அதே தப்புதான்."

இன்னும் கொஞ்ச தூரம் போனது. அந்த அம்மாவுக்கு என்ன தோன்றியதோ, "எடவெளி விட்டு முழுங்கியிருக்காம்" என்றார். அவ்வளவுதான். அவர் பிடிக்க முடியாமல் சிரித்தார், அந்த அம்மாவும் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டும் சிரித்தார்கள். முன்னால் சலூன்காரர் கண்ணாடியிலிருந்து பார்வையை வெடுக்கென்று எடுத்து ரோட்டைப் பார்த்தார். நாய் செத்துக் கிடக்கிறது, இவர்கள் சிரிக்கிறார்கள்.

கடைக்குப் போனால், பாதி முடியோடு அந்த ஆள் கழுத்தில் துணியைக் கட்டிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தார். "என்னாச்சு?" என்று கேட்டார். மீதி முடியை வெட்டி முடிப்பதற்குள் சலூன்காரர் அவருக்குச் சொல்லிவிட்டார். ஆளை வேண்டுமென்று கெடுக்கிற குணம் அவருக்கு இல்லை. பார்த்ததைத்தான் சொன்னார். இடையில் டீ குடிக்கப் போன நேரத்தை மட்டும் விட்டுவிட்டார், கதையில் அது நன்றாக இருக்காது என்று. அந்த ஆள் வெளியே போய் நாலு பேருக்குச் சொன்னார். பிறகு கண், காது, மூக்கு எல்லாம் தானாக முளைத்துவிட்டன.

மேனேஜரைக் கடைக்குப் பின்னால் புதைத்தார்கள். சில நாள் சோபாக்காரர் ஆணியை ஒரு தகர டப்பாவில் போட்டு வைத்துக்கொண்டு வேலை செய்தார். ஒவ்வொரு ஆணிக்கும் குனிந்து குனிந்து எடுப்பதில் இடுப்பு போனது. துணி கைநழுவியது. அந்த அம்மாதான் பொறுக்க மாட்டாமல், "போதும், வாய்லயே போட்டுக்குங்க. நீங்க பேசப் பேச எனக்குத் தையல் கோணலாப் போகுது" என்றார். ஆணி பழைய இடத்துக்குப் போனது.

பச்சை சோபா வாசலில் காலியாகக் கிடந்தது. ஒரு நாள் டீ வந்தபோது அவர் போய் அதில் உட்கார்ந்தார். இத்தனை நாளில் அவர் அதில் உட்கார்ந்ததே இல்லை, மேனேஜர் சீட்டாயிற்றே. உட்கார்ந்ததும் நடு சீட்டில் ஏதோ சுருக்கென்று குத்தியது. தொட்டுப் பார்த்தார். ஸ்பிரிங் ஒன்று சரியாகக் கட்டாமல் விட்டிருக்கிறது. அவர் கட்டியதுதான்.

"இத்தன வருஷம் இதுமேல படுத்துக்கிட்டு ஒரு வார்த்த சொல்லலையே, மேனேஜர்" என்றார்.

"சொல்லியிருப்பாரு" என்றார் மனைவி மெஷினிலிருந்து. "நீங்க 'ம்'னுருப்பீங்க."

அவர் டீயைக் குடித்துவிட்டு, சீட்டைப் பிரித்து அந்த ஸ்பிரிங்கைக் கட்டினார்.

அந்த வாரக் கடைசியில் சவரத்துக்குப் போனார். அவரே உறை போட்ட சலூன் நாற்காலி. சலூன்காரர் முகம் நிறைய நுரை தடவி, கத்தியைத் தோல்பட்டையில் தீட்டிக்கொண்டிருந்தார். பெஞ்சில் காத்திருந்தவர் முதலில் பேப்பரைப் பார்த்தார், பிறகு கண்ணாடியில் சோபாக்காரரைப் பார்த்தார். அவருக்கு நாக்கு நமநமவென்றது.

"ஏங்க, தப்பா நெனச்சுக்காதீங்க. நாய் செத்ததும் டாக்டரக் கட்டிப்பிடிச்சு முத்தம் குடுத்தீங்களாமே?"

கத்தி நின்றது. சலூன்காரர் கூரையில் மின்விசிறி சுற்றுகிறதா என்று பார்த்தார்.

சோபாக்காரர் வாயைச் சுற்றியிருந்த நுரையைப் புறங்கையால் வழித்தார். வாயில் ஆணி இல்லை.

"டாக்டர இல்லைய்யா, எக்ஸ்ரே எடுத்தவர. அப்ப நாய் உசுரோடதான் இருந்துச்சு. அது வயித்துல இருந்தது என் ஆணி இல்லன்னு தெரிஞ்சுது, குடுத்தேன். நாயக் கொன்னது நான் இல்லன்னு தெரிஞ்சா நீயும்தான் குடுப்ப." பிறகு சலூன்காரர் பக்கம் திரும்பினார். "டேய், இந்த ஆளு காதுல விழற மாதிரி சொல்லிட்டேன், இனிமே ஒழுங்கா சொல்லு. இப்ப தாடியச் செர."